தையல் நேராக விழும் பந்து: முஹம்மது நிஸார் முதல் முஹம்மது ஷமி வரை



2025 ரமளானின் முதல் வாரம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள நமது பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து, நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளிகளோடு பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தனர். நமது மக்தபில் ஓதும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வரிசையை விட்டு விலகி நம்மிடம் வந்தான். "ஹஜ்ரத், ஷமி நோன்பு வைக்கலைன்னு எல்லாரும் திட்டுறாங்களே, அவர் பாவியா?" என்று கேட்டான். முந்தைய நாள், மார்ச் 4 அன்று, துபாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் முஹம்மது ஷமி எல்லைக்கோட்டருகே நின்று ஏதோ பானம் அருந்தும் படம் கைபேசிகளில் பரவிவிட்டிருந்தது. வட இந்தியாவில் மார்க்க அறிஞர் ஒருவர் அதனைக் குற்றம் என்று பகிரங்கமாகவே கூறிவிட்டார். வேறு ஆலிம்கள் அதனை மறுத்தும் பேசினர். இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் அவர் 48 ரன்களுக்கு 3 விக்கெட் எடுத்து, இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அனுப்பியவர்களுள் ஒருவராக இருந்தார்.

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடக் கூடிய கேள்வியன்று அது. "முதலில் அவர் யார் என்று தெரிந்துகொள், பிறகு அவர் நோன்பைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அன்று அவனிடம் சொல்லத் தொடங்கி, பிறகு பல நாட்கள் பிள்ளைகளிடம் துண்டு துண்டாகச் சொன்னவற்றையே இங்கு சேர்த்து எழுதுகிறோம்.

ஷமியிலிருந்து தொடங்கினால் கதை பாதியிலிருந்து தொடங்கியதாகிவிடும். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் டெஸ்ட் 1932 ஜூன் 25 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கியது. அதற்குச் சுமார் பத்து நாட்களுக்கு முன்புதான் யார்க்‌ஷயரின் தொடக்க ஆட்டக்காரர்களான ஹோம்ஸும் சட்கிளிஃபும் எஸெக்ஸ் அணிக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 555 ரன்கள் குவித்து உலகச் சாதனை படைத்திருந்தனர். அதே இருவர் லார்ட்ஸில் இங்கிலாந்துக்காக ஆட வந்தபோது, பஞ்சாபின் ஹோஷியார்பூரில் 1910-ல் பிறந்த நெடிய உருவத்தினரான முஹம்மது நிஸார் பந்தை எடுத்தார். சட்கிளிஃப் 3, ஹோம்ஸ் 6. இருவருடைய ஸ்டம்புகளையும் நிஸாரின் பந்து சாய்த்தது. அடுத்து வூல்லி ரன் அவுட். இங்கிலாந்து 19 ரன்களுக்கு 3 விக்கெட் என்று நின்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் விக்கெட்டும், முதன்முறை ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் என்ற சாதனையும் (93 ரன்களுக்கு 5) அவருடையவை.

வூல்லியை ரன் அவுட் செய்தவர் லால் சிங். மலாயாவின் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். தலைமையேற்றவர் சி.கே. நாயுடு. நிஸாருடன் பந்து வீசியவர்கள் குஜராத்தின் அமர் சிங்கும் ஜஹாங்கீர் கானும். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக லார்ட்ஸில் ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் சிட்டுக்குருவி ஒன்று அடிபட்டு இறந்தது. அந்தக் குருவி பாடம் செய்யப்பட்டு இன்றும் லார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிள்ளைகளுக்கு நாம் சொன்ன கதைகளில் அவர்கள் மறக்காமல் வைத்திருப்பது இந்தக் குருவியைத்தான்.

அந்தக் காலத்தில் உள்நாட்டில் கிரிக்கெட் எப்படி நடந்தது என்பதையும் அறிய வேண்டும். பம்பாயில் ஆண்டுதோறும் மிகுந்த ஆரவாரத்தோடு நடந்த போட்டியில் அணிகள் ஊர்வாரியாக அல்ல, சமயவாரியாகப் பிரிந்திருந்தன. ஐரோப்பியர், பார்ஸிகள், இந்துக்கள் என்றிருந்ததில் 1912-ல் முஸ்லிம் அணி சேர்ந்தது. 1937-ல் 'ஏனையோர்' என்று ஐந்தாவது அணியும் வந்தது. காந்தியடிகள் 1940-ல் இந்த ஏற்பாட்டைக் கண்டித்தார். 1946-உடன் அது நின்றுபோனது. உள்ளூரில் சமயப் பெயரால் எதிரெதிரே நின்றவர்கள் கடல் கடந்ததும் ஒரே அணியாக நின்றார்கள் என்பது நமக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. நிஸாரும் அமர் சிங்கும் இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி வீசிய அந்தச் சில ஆண்டுகளின் வேகம் போன பின், அத்தகைய ஜோடிக்காக இந்தியா வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1932 முதல் 1936 வரை இந்தியா ஆடியவை 7 டெஸ்டுகள் மட்டுமே. நிஸார் அவற்றில் ஆறில் ஆடி 25 விக்கெட்டுகள் எடுத்தார். 1933 டிசம்பரில் பம்பாயில் நடந்த, இந்திய மண்ணின் முதல் டெஸ்டில் 90 ரன்களுக்கு 5. 1936-ல் ஓவலில் 120-க்கு 5. பிறகு உலகப் போர் வந்தது. இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 1946-ல்தான். அதற்குள் அவருடைய காலம் முடிந்துவிட்டது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தான் சென்றார். 1963-ல் லாகூரில் மறைந்தார். இரு நாடுகளின் உள்நாட்டுச் சாம்பியன் அணிகள் மோதுவதற்காக 2006-ல் ஒரு கோப்பை ஏற்படுத்தியபோது அதற்கு நிஸாரின் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கோப்பையும் 2008-க்குப் பின் நடக்கவில்லை.

நிஸாருக்குப் பின் இந்தியாவுக்கு வேகப் பந்துவீச்சாளர்களைக் கொடுத்ததில் நமது சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியே எழும்பூர் நோக்கிப் பேருந்தில் செல்லும்போது சேத்துப்பட்டு அருகே ஹாரிங்டன் சாலை பிரியும். அங்கே சென்னை கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி மைதானத்தில்தான் எம்.ஆர்.எஃப். வேகப் பந்துவீச்சுப் பயிற்சி மையம் 1987-ல் ஆஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லியின் வழிகாட்டலில் தொடங்கியது. வேகப் பந்து வீச ஆசைப்பட்டு அங்கு வந்த சிறுவன் சச்சினை, மட்டை பிடிப்பதில் கவனம் செலுத்துமாறு லில்லி சொல்லியனுப்பினார் என்பது பலரும் அறிந்த கதை. அங்கு பயின்றவர்களுள் மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூரைச் சேர்ந்த ஜாகிர் கான், குஜராத்தின் இக்கர் கிராமத்தைச் சேர்ந்த முனாஃப் படேல், பரோடாவின் இர்ஃபான் பதான் ஆகியோர் அடங்குவர். ஜாகிர் 92 டெஸ்டுகளில் 311 விக்கெட்டுகள் எடுத்தார்; 2011 உலகக் கோப்பையில் 21 விக்கெட்டுகளுடன் ஷாகித் அஃப்ரிடியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நம் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேரும் இடம் அது. ஆனாலும் நம் பகுதிப் பிள்ளைகளுள் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இர்ஃபான் பதானைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவருடைய தந்தை பரோடாவில் ஒரு பள்ளிவாசலின் மோதினார். பாங்கு சொல்லும் எளிய மனிதரின் மக்களாக, பள்ளிவாசலை ஒட்டிய சிறு வீட்டிலேயே இர்ஃபானும் அவருடைய அண்ணன் யூசுஃபும் வளர்ந்தனர். 2006 ஜனவரி 29 அன்று கராச்சியில், டெஸ்டின் முதல் ஓவரின் கடைசி மூன்று பந்துகளில் சல்மான் பட், யூனிஸ் கான், முஹம்மது யூசுஃப் மூவரையும் இர்ஃபான் வீழ்த்தினார். டெஸ்டின் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக் என்பது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. பாகிஸ்தான் ரன் எடுப்பதற்குள் மூன்று விக்கெட்டை இழந்திருந்தது. அந்த டெஸ்டை இந்தியா 341 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய சாதனை அணியின் வெற்றியாகவே முடியும் என்ற நியதி எதுவும் இல்லை.

இனி ஷமி. 1990 செப்டம்பர் 3-ல் பிறந்தவர். உத்தரப் பிரதேசத்தின் அம்ரோஹா மாவட்டத்தில் சஹஸ்பூர் அவருடைய ஊர். தந்தை தவ்ஸீஃப் அலீ விவசாயி. இளமையில் தாமும் வேகமாகப் பந்து வீசியவர். மகனிடம் அந்த வேகம் இருப்பதைக் கண்டு, மொராதாபாத்தில் பத்ருத்தீன் என்ற பயிற்சியாளரிடம் சேர்த்தார். அப்போது ஷமிக்கு வயது பதினைந்து. ஆட்டம் முடிந்ததும் தேய்ந்த பழைய பந்துகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வீசிப் பழகுவார் என்று அந்தப் பயிற்சியாளர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உத்தரப் பிரதேசத்தின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனவே கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அறிமுகமில்லாத ஊர், தெரியாத மொழி, மன்ற ஆட்டங்கள். 2010-ல் வங்காள மாநிலத்துக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். மூன்றாண்டுகளுக்குள் இந்திய அணியில் இருந்தார்.

பழைய பந்துகளைக் கேட்டு வாங்கியது ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதாக இருக்கவில்லை. ஏனெனில் அவர்கள் ஆடுவது டென்னிஸ் பந்தில். தோல் பந்தின் நடுவே புடைத்த தையல் ஓடுகிறது. அந்தத் தையல் சாயாமல் நிமிர்ந்தபடியே பந்து காற்றில் சென்று, தையலின் மேலேயே தரையில் விழுந்தால், அது உள்ளேயும் திரும்பலாம், வெளியேயும் விலகலாம். எந்தப் பக்கம் என்பது வீசியவருக்கே சில வேளை தெரியாது. எதிர்நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஷமியின் தனிச்சிறப்பு இதுதான். அவருடைய கையை விட்டுப் பிரியும் பந்தின் தையல் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நிற்கும். புதிய பந்து தையல் சாய்ந்திருக்கும் திசையில் காற்றில் வளையும். பந்து பழையதாகி ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் பளபளப்பும் ஆகிவிட்டால், வேகமாக வீசுபவரின் கையில் அது எதிர்த் திசையில், பளபளப்பான பக்கம் நோக்கி வளையத் தொடங்கும். ரிவர்ஸ் ஸ்விங் என்பது இதுவே. பிறர் தூக்கி எறியும் பந்து அவருக்குப் பாடப் புத்தகமாக இருந்தது.

அதன் பலனை 2013 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் கண்டது. சச்சினின் இறுதிக்கு முந்தைய டெஸ்ட் என்பதால் நாட்டின் பார்வை முழுவதும் சச்சின் மேல் இருந்தது. அதுவே ஷமியின் முதல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 71-க்கு 4, இரண்டாவதில் 47-க்கு 5. ஆட்டம் மூன்று நாட்களிலேயே முடிந்தது. அதே ஆண்டு ஜனவரி 6-ல் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடிய முதல் ஒருநாள் போட்டியில் 9 ஓவர்களில் நான்கு ஓவர்களுக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல், மொத்தம் 23 ரன்கள் மட்டுமே கொடுத்திருந்தார். இந்தியா 167 ரன்களை வைத்துக்கொண்டு பத்து ரன்களில் வென்ற ஆட்டம் அது.

டெஸ்டில் அவர் இதுவரை 64 ஆட்டங்களில் 229 விக்கெட்டுகள் எடுத்திருக்கிறார். 2018 டிசம்பரில் பெர்த்தில் 56-க்கு 6 என்பதே சிறந்த பந்துவீச்சு. 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் ஐந்தாம் நாள் தேய்ந்த ஆடுகளத்தில் தென்னாப்பிரிக்காவை 35-க்கு 5 என்று சரித்தார். ஸ்டம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த காட்சியை நாமும் தொலைக்காட்சியில் கண்டோம். 2021 டிசம்பரில் செஞ்சூரியனில் 200-வது டெஸ்ட் விக்கெட்.

ஆயினும் அவருடைய பெயரை வரலாற்றில் நிறுத்துவது உலகக் கோப்பைதான். 2015-ல் 17 விக்கெட்டுகள். முழங்கால் காயத்துடனேயே அந்தத் தொடர் முழுதும் ஆடியதாகப் பின்னர் அவரே சொன்னார். அதற்குப் பின் அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு. 2017 ஜனவரியில் தந்தையின் மறைவு. 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் நேப்பியரில் 56-வது ஆட்டத்தில் ஒருநாள் போட்டிகளின் நூறாவது விக்கெட்டை எடுத்து, அதுவரை இந்தியர் எவரும் அவ்வளவு விரைவில் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். அவ்வாண்டு ஜூன் 22-ல் சவுத்தாம்ப்டனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். கடைசி ஓவரில் ஆப்கானியருக்கு வேண்டியது 16 ரன்கள். முதல் பந்தையே நபி எல்லைக்கு விரட்டினார். அடுத்த பந்தில் ரன் இல்லை. அதன்பின் நபி கேட்ச், அஃப்தாப் ஆலம் போல்டு, முஜீப் போல்டு. 1987-ல் சேத்தன் சர்மாவுக்குப் பின் உலகக் கோப்பையில் ஹாட்ரிக் எடுத்த இந்தியர் ஷமியே. அந்தத் தொடரில் அவர் ஆடியது நான்கு ஆட்டங்கள். எடுத்தது 14 விக்கெட்டுகள்.

2023-ன் கதை இன்னும் விசித்திரமானது. சொந்த நாட்டில் நடந்த அந்த உலகக் கோப்பையின் முதல் நான்கு ஆட்டங்களில் அவருக்கு அணியில் இடமில்லை. தண்ணீர்ப் புட்டி சுமந்துகொண்டிருந்தார். ஹர்திக் பாண்டியாவுக்குக் காயம் ஏற்பட்டு அணியின் அமைப்பு மாறியதால் அக்டோபர் 22-ல் தர்மசாலாவில் வாய்ப்பு வந்தது. வீசிய முதல் பந்திலேயே நியூசிலாந்தின் வில் யங் ஆட்டமிழந்தார். அன்று 54-க்கு 5. லக்னோவில் இங்கிலாந்துக்கு எதிராக 22-க்கு 4. வான்கடேயில் இலங்கைக்கு எதிராக 18-க்கு 5. இலங்கை 55 ரன்களுக்குச் சுருண்டது. அன்றுதான் ஜாகிர் கானும் ஸ்ரீநாத்தும் வைத்திருந்த 44 உலகக் கோப்பை விக்கெட்டுகள் என்ற எண்ணிக்கையைத் தாண்டினார்.

நவம்பர் 15, வான்கடேயில் அரையிறுதி. இந்தியா 397 ரன்கள் எடுத்திருந்தும் நியூசிலாந்தின் வில்லியம்சனும் மிட்செலும் அசராமல் ஆடினர். வில்லியம்சனின் எளிய கேட்ச் ஒன்றை ஷமியே தவறவிட்டார். மைதானம் ஊமையானது. ஒரு கேட்ச் தவறினால் சிலருக்கு எத்தகைய ஏச்சு வரும் என்பதை ஷமி அறியாதவர் அல்லர். அதைப் பின்னால் சொல்கிறோம். சில ஓவர்களில் அவரிடமே பந்து கொடுக்கப்பட்டது. அதே வில்லியம்சனையும் அடுத்து வந்த லேத்தமையும் ஒரே ஓவரில் வெளியேற்றினார். இறுதியில் 57 ரன்களுக்கு 7 விக்கெட். ஒருநாள் போட்டியில் ஏழு விக்கெட் எடுத்த முதல் இந்தியர். அந்த இரவில்தான் உலகக் கோப்பையில் ஐம்பது விக்கெட்டுகளையும் எட்டினார். அவ்வளவு குறைந்த ஆட்டங்களில், அதாவது 17-ல், வேறெவரும் அதை எட்டியதில்லை. ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட்டுகளுடன் அந்தத் தொடரில் அவரே முதலிடம். மூன்று உலகக் கோப்பைகளையும் சேர்த்தால் 18 ஆட்டங்களில் 55. அகமதாபாத் இறுதிப் போட்டியில் இந்தியா தோற்றதால் இவையெல்லாம் ஒரு துயரத்தின் நிழலில் நின்றுவிட்டன. 2024 ஜனவரியில் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. அடுத்த மாதமே குதிகாலில் அறுவை சிகிச்சை. ஓராண்டுக்கும் மேலாகச் சர்வதேச ஆட்டம் இல்லை. திரும்பி வந்து, 2025 பிப்ரவரி 20-ல் துபாயில் வங்கதேசத்துக்கு எதிராக 53-க்கு 5 எடுத்தபோது 200-வது ஒருநாள் விக்கெட் விழுந்தது. வீசிய பந்துகளின் எண்ணிக்கையில் கணக்கிட்டால், 5126 பந்துகளில், உலகில் வேறெவரையும் விட விரைவாக அந்த எண்ணிக்கையை அடைந்தவர் அவர்.

இப்போது அந்த ஏச்சுக்கு வருவோம். 2021 அக்டோபர் 24, அதே துபாய், இருபது ஓவர் உலகக் கோப்பை. பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அன்று எந்தப் பந்துவீச்சாளராலும் ஒரு விக்கெட்டும் எடுக்க முடியவில்லை. ஆனால் வசை மழை பொழிந்தது ஷமி ஒருவர் மீதுதான். காரணம் அவருடைய பெயர். சில நாட்களில் தலைவர் விராட் கோலி செய்தியாளர் முன்னிலையில், சமயத்தின் பேரால் ஒருவரைத் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிக இழிவான செயல் என்ற பொருள்படப் பேசினார். அந்த வாரம் நம் மக்தபில் பெரிய பையன்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது நினைவில் இருக்கிறது. அவர்களுள் சிலர் தெருவில் ஆடும்போது இதே போன்ற சொற்களைக் கேட்டவர்கள். நாம் அவர்களிடம் 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னோம். சச்சின் 136 ரன்கள் எடுத்தும் பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றது; தோற்ற ஊரின் மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினார்கள், பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அவ்வூர் நம் ஊர்தான், அந்தக் கைதட்டலில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள் என்றோம்.

ஒரு பக்கம் அந்த வசை. மறுபக்கம் வேறொரு சோதனை. 2023-ல் இலங்கைக்கு எதிராக ஐந்தாவது விக்கெட் எடுத்ததும் ஷமி களத்தில் மண்டியிட்டார். ஸஜ்தா செய்ய நினைத்து அஞ்சி நிறுத்திக்கொண்டார் என்று சமூக ஊடகங்களில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. எல்லையின் இரு பக்கங்களிலும் பேசினார்கள். டிசம்பரில் ஒரு நேர்காணலில் அவர் அதனைத் தெளிவுபடுத்தினார்: தொடர்ந்து முழு வேகத்தில் வீசியதால் களைத்திருந்தேன், ஸஜ்தா செய்ய விரும்பினால் என்னை யார் தடுப்பது, முஸ்லிம் என்பதிலும் இந்தியன் என்பதிலும் பெருமை கொள்கிறேன் என்பதே அதன் சாரம். ஒரு மனிதன் மூச்சு வாங்கியதற்குக் கூட இத்தனை பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆக, ஆட்டம் தோற்றால் அவருடைய பெயர் குற்றம் என்றார்கள் வெளியார் சிலர். தண்ணீர் குடித்தால் அவருடைய மார்க்கம் குறை என்றார்கள் நம்மவர் சிலர். இனி பையனின் கேள்வி.

ரமளான் நோன்பு கடமை. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களை நம் மக்தபில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பொருளோடு ஓதுகிறார்கள். விட்ட நோன்பை வேறு நாட்களில் களா செய்ய வேண்டும். ஹம்ஸா இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பயணத்தில் நோன்பு வைப்பது பற்றிக் கேட்டபோது, விரும்பினால் வைக்கலாம், விரும்பினால் விடலாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில், பயணத்தில் நோன்பு வைத்தவர் வைக்காதவரைக் குறை சொன்னதில்லை, வைக்காதவரும் வைத்தவரைக் குறை சொன்னதில்லை என்று வருகிறது. தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா 2012 ஜூலையில், ரமளானில்தான், ஓவலில் ஆட்டமிழக்காமல் 311 ரன்கள் எடுத்தார். பேணுதலுக்குப் பெயர் பெற்ற அவரும், தாம் பயணத்தில் இருப்பதால் ஊர் திரும்பி நோன்பை நிறைவேற்றப் போவதாகவே அப்போது கூறினார்.

சட்டம் அறிந்த வாசகர் ஒருவர் இங்கே இடைமறிக்கலாம்: இந்திய அணி பிப்ரவரி நடுவிலிருந்தே துபாயில்தானே தங்கியிருந்தது? ஓர் ஊரில் பதினைந்து நாட்கள் தங்கும் நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபில் அவர் பயணி அல்லரே; ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு நாட்களே போதுமே? சரியான கேள்விதான். நாமும் இதனைப் பாடமாக நடத்துபவர்களே. ஆனால் அவர் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறார், என்ன நிய்யத் வைத்திருந்தார், ஓராண்டுக் காயத்திலிருந்து மீண்ட உடலைப் பற்றி மருத்துவர் என்ன சொல்லியிருந்தார், எந்த ஆலிமிடம் கேட்டார் என்பதில் ஒன்றேனும் நமக்குத் தெரியுமா? ஃபத்வா கேட்டவர் அவர் அல்லர். கைபேசியில் படம் பார்த்தவர்கள் நாம். கேள்வி கேட்டவரின் நிலையை விசாரிக்காமல் விடை சொல்லாதே என்றுதான் நமது ஆசிரியர்கள் நமக்குப் படித்துக் கொடுத்தார்கள். கேள்வியே கேட்காத ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்வதற்கு நம்மிடம் எந்தக் கிதாபும் இல்லை.

பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்பது வேறொன்று: கிரிக்கெட் கூடுமா, கூடாதா? நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அம்பெய்யப் பழகுமாறு தோழர்களை ஊக்குவித்திருக்கிறார்கள். உடலை வலுவாக்கும் ஆட்டத்தில் குற்றமில்லை. தொழுகை தவறக் கூடாது, சூது கலக்கக் கூடாது. கைபேசியில் பணம் கட்டி அணி அமைத்து ஆடுவது ஆட்டமன்று, சூதே; இதில் சில தந்தைமார்களும் பிள்ளைகளுக்கு முன்னோடிகளாக இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். நமது சங்கடம் நடைமுறையானது. அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் உள்ள ஒன்றரை மணி நேரம்தான் மக்தபுக்கும், அதே நேரம்தான் ஆட்டத்துக்கும். பல ஆண்டுகள் நாம் மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளை இழுத்து வந்திருக்கிறோம். இப்போது சனி, ஞாயிறு வகுப்புகளை ஃபஜ்ருக்குப் பின் மாற்றிவிட்டோம். வருகை குறையவில்லை, தூக்கக் கலக்கம் மட்டும் கூடியிருக்கிறது.

கேள்வி கேட்ட அந்தப் பையன் முழுவதையும் கேட்டு முடித்தபின், "அப்ப 2021-ல அவரைத் திட்டினவங்களும், இப்ப திட்டுறவங்களும் ஒண்ணுதானா ஹஜ்ரத்?" என்றான். ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தோம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனால் அதனை அவனுக்கு விளக்க அன்று நம்மால் முடியவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு மாலை அவனை மைதானத்தில் கண்டோம். டென்னிஸ் பந்தின் நடுவே மின்வயருக்குச் சுற்றும் கறுப்பு நாடாவைத் தையல் போல ஒட்டியிருந்தான். ஓடி வந்து வீசினான். பந்து சுழன்று, நாடா எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாமல் விழுந்தது. பந்தை எடுத்து வந்து, விரல்களை மாற்றி வைத்துப் பார்த்து, மறுபடியும் ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்தான். மஃக்ரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நாம் அழைக்கவில்லை.